சூப்பர் ஹீரோவுக்கு யார் சொந்தக்காரர்?

அன்புள்ள அண்ணா,

நானும் கூட்டாளியும் சேர்ந்து ஒரு தமிழ்ச் சித்திரக்கதைப் புத்தகம் போடுகிறோம். அட்டையில் 'கொழும்பின் சூப்பர் ஹீரோ' என்று வைத்தோம். கொட்டாஞ்சேனை அச்சகக்காரர், அது மார்வெல், டிசி என்ற அமெரிக்கச் சித்திரக்கதைக் கம்பனிகளின் சொல், வழக்கு வரும் என்று அடிக்க மறுக்கிறார். உண்மையா? அடுத்தது பேய்க்கதை. 'பேய்க்கதை' என்ற பெயரை நாங்களே முந்திப் பதிவு செய்து வைக்கலாமா?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

அச்சகக்காரர் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. எப்போதும் முட்டிக்கொள்ளும் அந்த இரண்டு கம்பனிகளும் 'சூப்பர் ஹீரோஸ்' என்பதை அமெரிக்காவில் கூட்டாகப் பதிவு செய்து வைத்திருந்தன. 1979இல் விண்ணப்பித்து 1981இல் வாங்கியது. ஒரு சாமான் எந்தக் கம்பனியுடையது என்று காட்டத்தான் வர்த்தகக் குறி. போட்டிக்காரர் இருவர் ஒரே குறியை வைத்துக்கொண்டால் அது யாரைக் காட்டும்?

இதைக் கேட்க ஆளில்லாமல் இல்லை, காசுதான் இல்லை. சின்னப் பதிப்பாளருக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தால் போதும், தலைப்பை மாற்றிவிடுவார். லண்டனில் ஒருவர் மட்டும், சிறுதொழில் பற்றிய தன் புத்தகத் தலைப்புக்காக வக்கீல் இல்லாமல் தானே வாதாடினார். 2016இல் கம்பனிகள் பின்வாங்கின. அப்புறம் 2024 மே மாதம் 'சூப்பர்பேபீஸ்' என்ற சின்னக் கம்பனி பதிவையே நீக்கக் கேட்டது. இரண்டு பெரிய கம்பனிகளும் பதில் மனுவே போடவில்லை. செப்டம்பரில் பதிவு ரத்தானது. அது பொதுச்சொல் என்று யாரும் விசாரித்துத் தீர்ப்பு எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். எதிராளி வராததால் கிடைத்த வெற்றி.

அமெரிக்கப் பதிவு எப்படியும் இங்கே செல்லாது. குறி நாட்டுக்கு நாடு தனி. அட்டை அடிக்கும் முன் நம் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் ஹீரோவின் நெஞ்சில் சூப்பர்மேன் போல 'எஸ்' எழுத்தைப் போட்டிருந்தால் நான் அச்சகக்காரர் பக்கம்.

சரி, பேய்க்கதைக்கு வருவோம். இரண்டு வரிக்கு முன் பயந்த ஆள் அடுத்த வரியிலேயே பயமுறுத்தக் கிளம்பிவிட்டீர்களே! எழுபதுகளில் மார்வெல், நடமாடும் பிணத்தைக் குறிக்கும் 'சோம்பி' (zombie) என்ற சொல்லையும் இப்படித்தான் காமிக்ஸுக்குப் பிடித்து வைத்தது, பிறகு கைவிட்டது. இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, வியாபாரத்தில் எல்லோரும் ஒரு பொருளுக்கு வழக்கமாகச் சொல்லும் பெயரைக் குறியாகப் பதிய முடியாது. முடிந்தாலும் எதற்கு? முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர், ராணி காமிக்ஸில் முகமூடிக்காரர். எந்தப் பொடியனும் குழம்பிப்போய்க் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

உங்கள் பேய்க்கு யாரும் வைக்காத ஒரு பெயரை வையுங்கள். அதைப் பதியலாம். பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அச்சகக்காரருக்கு இந்தப் பதிலைக் காட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு அச்சகம் பாருங்கள்.