காய்ச்சலோடு ஏறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி பயணம் பற்றியவை. டிக்கெட் கையில், கொப்புளம் உடம்பில், இதற்குச் சட்டத்தில் வழி உண்டா என்று கேட்கிறார்கள். எத்தனையோ முறை சொன்னதுதான்: நோய் தொற்றுமா, எத்தனை நாள் தொற்றும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்பதை வழக்கறிஞரான என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: தொற்றுநோயோடு பயணம் செய்தால் என்ன தண்டனை?

எந்த நாட்டில்? என்ன நோய்? பேருந்தா, ரயிலா, விமானமா? தெரிந்து போனீர்களா, தெரியாமலா? இது எதையும் எழுதாமல் தண்டனையை மட்டும் கேட்பது, மருந்துக்கடையில் போய் 'மாத்திரை என்ன விலை' என்று கேட்பது மாதிரி. ஒரு உதாரணத்துக்கு இந்தியச் சட்டத்தைச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய காரியத்தைக் கவனக்குறைவாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. கெட்ட எண்ணத்தோடு செய்தால் இரண்டு ஆண்டு வரை. பழைய தண்டனைச் சட்டத்தில் 269, 270-ஆம் பிரிவுகள். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272. தனிமைப்படுத்தல் விதியை மீறுவதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வேறு நாடுகளில் எண்கள் மாறும், ஆண்டுகள் மாறும். ஆனால் அநேகமாக எங்கும் வழக்கு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: உங்களுக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி: மகனுக்குச் சின்னம்மை. நான்காம் நாள். பாதிக் கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. முழுக்கைச் சட்டை போட்டு அழைத்துப் போகலாமா?

கூடாது. எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்ட வேண்டும், புதிதாக ஒன்றும் எழக்கூடாது. முழுக்கைச் சட்டை என்று எழுதியதிலேயே பதில் உங்களுக்குத் தெரியும் என்று தெரிகிறது. பக்கத்து இருக்கையில் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? மருத்துவர் பார்த்து, பயணத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்தால் போங்கள்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. விமான நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். பக்கத்தில் உட்காருவதால் அது பரவாது. சொல்லும் கடமையும் இல்லை. ஹெபடைடிஸ் பி என்று கேட்டிருந்த இருவருக்கும் இதே பதில்.

கேள்வி: விமான நிலையத்தில் வெப்பநிலை பார்ப்பார்கள் என்றார்கள். காய்ச்சல் 101 இருந்தது. அதற்கு முன் இரண்டு பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன், பிரச்சினை இல்லாமல் உள்ளே விட்டுவிட்டார்கள். இது குற்றமா? பலரும் செய்வதுதானே?

பலரும் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இரவு விமானத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரைகளைப் பிதுக்கி, என் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி விழுங்கினார். 'கேமராவுக்காக' என்று சிரித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இறங்கும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை போடுவது குற்றமில்லை. காய்ச்சலுக்கு அதுதான் மருந்து. எதற்காகப் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. பாரசிட்டமால் சூட்டை நாலைந்து மணி நேரம் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. சோதனைக்காரர் கண்ணில் படாமல் இருக்கப் போட்டால், 'எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும்' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. மாத்திரை போடாமல், காய்ச்சல் இருப்பதே தெரியாமல் ஏறியவருக்குத் 'தெரியாது' என்ற வாதம் மிச்சமிருக்கிறது. உங்களுக்கு அது போய்விட்டது. உடல்நிலைப் படிவத்தில் 'காய்ச்சல் இல்லை' என்று வேறு எழுதியிருந்தால், பொய்த் தகவல் என்ற தனிக் குற்றமும் சேரும். நோய் யாருக்கும் தொற்றாமல் போனாலும் இந்த இரண்டாவது நிற்கும்.

விமானம் என்றால் காற்று வடிகட்டி இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: 1977-இல் அலாஸ்காவில் ஒரு விமானம் பழுதாகித் தரையில் மணிக்கணக்கில் நின்றது. காற்றோட்டக் கருவி ஓடவில்லை. உள்ளே ஐம்பது பேருக்கு மேல், ஒருவருக்கு ஃப்ளூ. மூன்று நாளில் பயணிகளில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் படுத்துவிட்டார்கள். 2003-இல் ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன மூன்று மணி நேர விமானத்தில் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று வந்த ஒருவரிடமிருந்து இருபது பேருக்கு மேல் தொற்றியது. அவர்களில் பலர் அவருக்குப் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

ஆனால் பயணியை மட்டும் திட்டிவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தேதி மாற்றக் கட்டணம் டிக்கெட் விலையைவிட அதிகம்; மருத்துவச் சான்று கொடுத்தாலும் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று ஒரே வரியில் பதில்; ஐந்து நாள் தாமதமாக வந்தால் சம்பளம் பிடிக்கும் முதலாளி. உண்மை சொல்பவனுக்கு அபராதம், மாத்திரை போட்டவனுக்கு ஜன்னல் இருக்கை. எனக்கே ஒருமுறை சான்றை மூன்று தடவை அனுப்பியும் பாதிப் பணம்தான் வந்தது. தொற்றுநோய்ச் சான்று கொடுப்பவருக்குக் கட்டணமில்லாமல் தேதி மாற்றித் தர வேண்டும் என்று சட்டமே வர வேண்டும். வரும்வரை இந்த இலாபக் கணக்கில் கொஞ்சம் பாவம் விமான நிறுவனங்கள், முதலாளிகள் பங்குக்கும் சேரும். உங்கள் பங்கு அதனால் குறையாது.

கேள்வி: ஒன்பது மணி நேரம் பறந்து வந்தேன். பத்து நாள் கழித்து டிபி என்று தெரிந்தது. நான் குற்றவாளியா?

இல்லை. பறந்தபோது உங்களுக்குத் தெரியாது. ஆனால் இப்போது தெரியும், கடமை இங்கிருந்து தொடங்குகிறது. எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், அதுவும் கடந்த மூன்று மாதத்துக்குள் என்றால், உங்கள் வரிசையிலும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு வரிசைகளிலும் இருந்தவர்களுக்குத் தகவல் சொல்லலாமா என்று சுகாதாரத் துறை பார்க்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அப்படி. எல்லா நோயாளிக்கும் இது வராது, சளிப் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. விமான எண்ணையும் இருக்கை எண்ணையும் சரியாகச் சொல்லுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். திரும்பும் பயணத்துக்குச் சாதாரண டிபி என்றால் குறைந்தது இரண்டு வாரம் சரியான சிகிச்சை ஆகியிருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத வகை என்றால் இன்னும் நெடுங்காலம். எதுவானாலும் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: 'முடிந்தால் பயணத்தைத் தவிர்க்கவும்' என்றுதான் மருத்துவர் சொன்னார். 'போகாதே' என்று சொல்லவில்லை. இது உத்தரவாகுமா?

2007-இல் ஒரு அமெரிக்கர் இதே வாதத்தைத்தான் வைத்தார். அவர் வழக்கறிஞர் வேறு. என் தொழிலுக்கு வந்த பெருமை. டிபி இருப்பது தெரிந்தே திருமணத்துக்காக ஐரோப்பா பறந்தார். 'போக வேண்டாம் என்று விரும்பினார்கள், தடுக்கவில்லை' என்றார். சுகாதார அதிகாரிகள் சொன்ன கதை வேறு. ரோமில் இருந்தபோது, மருந்துக்கு அறவே அடங்காத வகை, பொது விமானத்தில் ஏறாதீர்கள் என்று தகவல் போனது. அவர் பிராகிலிருந்து மான்ட்ரியலுக்குப் பறந்து, காரில் எல்லை கடந்து அமெரிக்காவுக்குள் போய்ச் சேர்ந்தார். எல்லைக் காவலரின் கணினியில் எச்சரிக்கை வந்திருந்தது. ஆள் நோயாளி மாதிரித் தெரியவில்லை என்று அவர் விட்டுவிட்டார்! 1963-க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்க மத்திய அரசு தனிமைப்படுத்தும் உத்தரவு போட்டது. பிறகு செய்த சோதனையில், நினைத்த அளவு மோசமான வகை இல்லை என்று தெரிந்தது வேறு விஷயம். கனடாவில் சக பயணிகள் சிலர் அவர்மேல் வழக்குப் போட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆலோசனை வேறு, உத்தரவு வேறு. ஆலோசனையை மீறியதற்காக மட்டும் சிறை இல்லை. ஆனால் நஷ்டஈட்டு வழக்கில் அந்த ஆலோசனைதான் முதல் சாட்சி. 'முடிந்தால்' என்ற சொல்லில் ஒளிந்துகொள்ளாமல் மருத்துவரிடமே திரும்பப் போய், 'இந்தத் தேதியில், இந்த விமானத்தில் போகலாமா' என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்கப் பயமாக இருக்கிறதென்றால், பதில் உங்களுக்குத் தெரியும் என்று அர்த்தம்.

கேள்வி: விமானத்தில் பக்கத்தில் இருமிக்கொண்டே வந்தார், எனக்கு நிமோனியா வந்துவிட்டது. யார்மேல் வழக்குப் போடலாம்?

போடலாம், ஜெயிப்பது கஷ்டம். அவரிடமிருந்துதான் வந்தது, டாக்ஸியில் வரவில்லை, வரிசையில் நின்றபோது வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் நிரூபிக்க வேண்டும். விமான நிறுவனத்தின் மேல் என்றால், சர்வதேச விமானப் பயணத்தில் நஷ்டஈடு பற்றிய 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 'விபத்து' நடந்திருக்க வேண்டும். ஒருவர் இருமியதை விபத்து என்று நீதிபதியை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் உங்கள் நுரையீரல் பூரண குணமாகிவிடும்.

கேள்வி: ரயிலில் உடம்பெல்லாம் தடிப்போடு ஒருவர் வந்தார். வீடியோ எடுத்துப் போட்டேன். இப்போது அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

நியாயமான நோட்டீஸ். அது சொரியாசிஸ் என்ற தொற்றாத தோல் நோயாக இருக்கலாம், தேனீ கொட்டியதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் ரயில் ஊழியரிடம் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. இந்திய ரயில்வே சட்டம் 56-ஆம் பிரிவில், குறிப்பிட்ட தொற்றுநோய் உள்ளவர் அனுமதி இல்லாமல் ஏறினால் டிக்கெட்டைப் பறித்து இறக்கிவிடும் அதிகாரம் ஊழியர்களுக்குத்தான் இருக்கிறது, உங்கள் செல்போனுக்கு இல்லை. வீடியோவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கள்.

கேள்வி: தட்டம்மை என்று சந்தேகம். மருத்துவமனைக்கே போகக்கூடாது என்கிறீர்களா?

நான் எப்போது அப்படிச் சொன்னேன்? 1815-லேயே இங்கிலாந்தில், பெரியம்மை கண்ட குழந்தையைப் பொதுத் தெருவில் தூக்கிப் போன தாயைக் குற்றவாளி என்ற நீதிமன்றம், அவசியம் இருந்திருந்தால் அதையே எதிர்வாதமாக வைத்திருக்கலாம் என்றும் சொன்னது. சிகிச்சைக்குப் போவது அவசியம். போகும் முறைதான் முக்கியம். தட்டம்மைக் கிருமி நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். எனவே மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து எந்த வாசலில் வர வேண்டும் என்று கேளுங்கள். சொந்த வண்டி இருந்தால் அதில், இல்லையென்றால் ஆம்புலன்ஸில். வாடகைக் காரைத்தான் பிடிக்க வேண்டும் என்றால், ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மாட்டேன் என்றால் அடுத்த வண்டியைக் கூப்பிடுங்கள்.