மெத்வேத்: கரடிக்கு வைத்த மாற்றுப்பெயர்

ரஷ்யன், செக், போலிஷ், செர்பியன் என்று பெரும்பாலான ஸ்லாவிய மொழிகளில் கரடிக்கு ஒரே பெயர்தான், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ரஷ்யனில் மெத்வேத். அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி சொன்னதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: முதலில் அர்த்தத்தைச் சொல்லுங்கள் சார்.

பதில்: தேன்தின்னி. பழைய ஸ்லாவிய மொழியில் 'மெது' என்றால் தேன், 'எத்' என்றால் தின்பது. சமஸ்கிருதத்தின் மது, அத் இரண்டும் இவற்றுக்கு உடன்பிறந்தவை. அதைவிட ஆச்சரியம், ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் மரத்தில் உட்கார்ந்து தேன் தின்னும் பறவைகளுக்கு 'மத்வத' என்று ஒரு சொல் வருகிறது. அதே இரண்டு வேர், அதே வரிசை. அங்கே பறவை, இங்கே கரடி, அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, என்னோடு வேலை பார்க்கும் ரஷ்யர் 'தேன் இருக்கும் இடத்தை அறிந்தவன்' என்கிறாரே? 'வேத்' என்றால் அறிதலாம், நம் வேதம் போல.

பதில்: கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உங்கள் நண்பர் கரடி விடுகிறார். பாவம், அவர் மேல் தப்பில்லை, அங்கே நிறைய பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். வேதத்தின் வேரும் ரஷ்யனின் 'அறிதல்' வேரும் ஒன்று என்பது நிஜம், ஆனால் இந்தச் சொல்லில் அது இல்லை. சு + ஆகதம் எப்படி ஸ்வாகதம் ஆகிறது? உகரத்துக்குப் பின் உயிர் வந்தால் வகரம். மது + அத் என்பது மத்வத் ஆனதும், மெது + எத் என்பது மெத்வெத் ஆனதும் அதே கணக்குதான். பிற்பாடு தேன் என்ற தனிச்சொல்லின் கடைசி உகரம் தேய்ந்து வெறும் 'மெத்' என்று நின்றுவிட்டது. அப்புறம் மெத்வேத் என்று கேட்பவர் மெத், வேத் என்றுதானே பிரிப்பார்? ஒட்டு எங்கே என்று மறந்துபோனதால் பிறந்த கதை இது.

கேள்வி: கரடியின் நிஜப் பெயர் 'பெர்' என்றும், அதனால்தான் அதன் குகைக்கு ரஷ்யனில் 'பெர்லோகா' என்றும் படித்தேன். உண்மையா?

பதில்: இது இன்னொரு கரடி. பெர்லோகாவின் கூடப்பிறந்த சொற்களைப் பாருங்கள். போலிஷில் 'பர்வுக்' என்றால் அழுக்குப் படுக்கை, கலைந்த வைக்கோல். செர்பியனில் 'பர்லோக்' என்றால் குகை, குப்பைக்கூளம் கிடக்கும் இடம். பன்றிக்கும் பொருந்துகிற சொல், கரடிதான் வேண்டும் என்றில்லை. தவிர, ஆங்கிலத்தில் கரடியைக் குறிக்கும் 'பேர்' (bear), ஜெர்மனின் 'பேர்' (Bär) எல்லாம் 'பழுப்பன்' என்ற பொருளில் வந்தவை என்பதே பரவலான கருத்து. அதுவும் ஒரு மாற்றுப்பெயர்தான்.

கேள்வி: எதற்கு இந்த மாற்றுப்பெயர் எல்லாம்? நிஜப் பெயர் எங்கே போனது?

பதில்: பயம்தான் காரணம் என்று கருதுகிறார்கள். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்ற பயம். ராத்திரியில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்லும் பாட்டிகள் நம் ஊரில் இல்லையா? சமஸ்கிருதம், லத்தீன், ரஷ்யன் எல்லாம் அடங்கிய இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பழைய பெயர் சமஸ்கிருதத்தில் ருக்ஷ, கிரேக்கத்தில் அர்க்தோஸ், லத்தீனில் உர்சுஸ் என்று பத்திரமாக இருக்கிறது. ஆர்க்டிக் என்ற பெயரே அந்த அர்க்தோஸிலிருந்து, வடவானத்துக் கரடி விண்மீன் கூட்டத்தால் வந்ததுதான். ஆனால் ஸ்லாவியர், ஜெர்மானியர் இரு சாராரும் அந்தச் சொல்லை அடியோடு தொலைத்துவிட்டார்கள். மொழியால் சம்பந்தமே இல்லாத ஃபின்லாந்துக்காரர்கள்கூடக் கரடியை 'தேன் கை' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவனின் பயம் எல்லா மொழியிலும் ஒன்று போல.

கேள்வி: போலிஷில் 'ந' என்ற எழுத்தில் தொடங்குகிறதே, வேறு சொல்லா?

பதில்: அதே சொல்தான். போலிஷில் முதல் மகரம் நகரமாகி 'நெஜ்வெச்' ஆனது. உக்ரைனியர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் முன்னும் பின்னும் புரட்டி 'வெத்மீத்' ஆக்கிவிட்டார்கள். நாம் சதையைத் தசை என்பதில்லையா, அது மாதிரி.

கேள்வி: ஹங்கேரியனில் 'மெத்வெ' என்கிறார்களே?

பதில்: ஸ்லாவியரிடம் வாங்கிய கடன்.

கேள்வி: ஸ்லோவேனியாவில் மெத்வோதே என்று ஓர் ஊருக்குப் போயிருந்தேன். கரடியூரா?

பதில்: இல்லை, ஏமாந்துவிட்டீர்கள். அங்கே 'மெத்' என்றால் 'நடுவே', 'வோதே' என்றால் நீர். சாவா, சோரா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். கரடி வேண்டுமென்றால் பக்கத்து நாடான குரோஷியாவுக்குப் போங்கள், சாக்ரெப் நகரத்துக்கு வடக்கே நிற்கும் மெத்வெத்னித்சா மலையின் பெயரில் நிஜமாகவே கரடி இருக்கிறது.

கேள்வி: 2008 முதல் 2012 வரை ரஷ்ய அதிபராக இருந்த மெத்வதேவ் பெயரும் இதுவா? 1980 மாஸ்கோ ஒலிம்பிக் கரடி மட்டும் ஏன் 'மீஷா'?

பதில்: மெத்வதேவ் இதிலிருந்து வந்த குடும்பப் பெயர்தான், 'கரடியின் வழி' என்று வைத்துக்கொள்ளுங்கள். மீஷா கதை வேறு. தேன்தின்னி என்ற மாற்றுப்பெயரே நாளடைவில் கரடியின் சொந்தப் பெயராகிவிட்டதால் அதற்கு மேல் இன்னொரு போர்வை தேவைப்பட்டது போலும். மிஹாயில் என்ற மனிதப் பெயரின் செல்லச் சுருக்கம் மீஷா. ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் கரடியை மரியாதையாக, தகப்பன் பெயரும் சேர்த்து 'மிஹாயில் பொதாபிச்' என்றே கூப்பிடுவார்கள்.