குவாரிப் புகாரை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் ஒரு கல்குவாரி நடக்கிறது. வெடி வைக்கும்போதெல்லாம் வீடு அதிர்கிறது. சுவரில் விரிசலும் கண்டிருக்கிறது. மனு கொடுக்கப் போனால் ஒவ்வோர் அலுவலகமும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. இயற்கை வளங்கள் துறை என்று ஒன்று இருக்கிறதாமே, அதை எங்கே போய்ப் பார்ப்பது? (வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: நீங்கள் தேடும் துறையின் மாவட்ட அலுவலகம் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே இருக்கிறது, ஆனால் வேறு பெயர்ப் பலகையுடன். இயற்கை வளங்கள் துறை என்பது தலைமைச் செயலகத்தில் இயங்கும் துறை. முன்பு தொழில் துறையின் கீழ் இருந்த கனிமப் பொறுப்புகளைப் பிரித்து அதை அமைத்தார்கள். அதன் கீழ் சென்னை கிண்டியில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் ஆணையரகமும், மாவட்டங்களில் துணை இயக்குநர் அல்லது உதவி இயக்குநர் பொறுப்பில் அலுவலகங்களும் செயல்படுகின்றன. கிரானைட் வெட்டி விற்கும் டாமின், சேலத்து மேக்னசைட் நிறுவனம் ஆகிய அரசு நிறுவனங்களும் இத்துறையைச் சேர்ந்தவையே.

சாதாரணக் கல்லுக்குக் குத்தகை வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். அதற்கான இடத்தை ஆய்வு செய்து அறிக்கை தருபவர்களும், குத்தகைக்கு விட்ட பிறகு எவ்வளவு வெட்டப்பட்டது என்று அளப்பவர்களும் சுரங்கத் துறையினர். ஆகவே, குத்தகை எல்லையைத் தாண்டி வெட்டுவது, அனுமதித்த ஆழத்தை மீறுவது போன்ற புகார்களை அந்த உதவி இயக்குநருக்கு எழுத வேண்டும். ஆட்சியருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வரும் தூசிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொறுப்பு. வெடி வைப்பதில் உள்ள பாதுகாப்பைக் கவனிப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம். உங்களை அலைக்கழித்தவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள், பொறுப்பு உண்மையாகவே இப்படிப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் அதை எடுத்துச் சொல்லி, மனுவை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது அவர்கள் கடமை. அதைச் செய்யாததுதான் தவறு.

உங்கள் கையில் இருக்கும் வலுவான பிடி, 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் உள்ள 36-ஆவது விதி. குடியிருப்புப் பகுதியிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக்கூடாது என்கிறது அது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தோற்றுப்போவதும் இங்கேதான். குடியிருப்பு என்று விதி ஏற்றுக்கொள்வது வருவாய்ப் பதிவேடுகளில் நத்தம் அல்லது வீட்டுமனை என்று பதிவான இடத்தையும், உள்ளாட்சி அமைப்போ நகரமைப்பு அதிகாரியோ ஒப்புதல் அளித்த மனைப்பிரிவையும்தான். வயலுக்கு நடுவே, புஞ்சைப் பட்டாவில் எந்த ஒப்புதலும் இல்லாமல் கட்டிய வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் அது கணக்கில் வராமல் போகலாம். அந்த வரையறை குடியிருப்போருக்கு நியாயமானது அல்ல என்பது என் உறுதியான கருத்து. வெடியின் அதிர்வு பதிவேட்டைப் பார்த்து வருவதில்லை. இப்போதைக்கு உங்கள் புல எண் பதிவேட்டில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு குவாரியின் புல எண்ணையும் தெரிந்துகொண்டு, கிராம வரைபடத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்து மனுவுடன் இணையுங்கள். "மிக அருகில்" என்று எழுதும் மனுவை ஒதுக்கிவைப்பது எளிது. புல எண்ணும் மீட்டர் கணக்கும் உள்ள மனுவுக்கு அளந்து பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

2012-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, சிறிய குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். உங்கள் ஊர்க் குவாரிக்கு விதித்த நிபந்தனைகளைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி ஆகியவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். அவர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: வயலுக்கு ஏரி வண்டல் எடுக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்? கட்டணம் உண்டா? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: வண்டலுக்குக் கட்டணம் இல்லை, வெட்டும் கூலியும் வண்டிச் செலவும் உங்களுடையவை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்குகிறார் என்பதால், முன்போல மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டியதில்லை. நில ஆவணங்களுடன் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 60 கன மீட்டர். மாவட்ட அரசிதழில் அறிவித்த ஏரி, கண்மாய்களில் மட்டுமே எடுக்க முடியும். உங்கள் ஊர்க் கண்மாய் அதில் உள்ளதா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் எங்கள் ஊர் வழியாக ஆற்று மணல் லாரிகள் போகின்றன. இதுவும் சுரங்கத் துறைக்கான புகார்தானா? (வாசகர், கரூர் மாவட்டம்)

பதில்: ஆற்று மணல் தனி ஏற்பாடு. 2003 முதல் அரசே மணல் எடுக்கிறது. அந்தப் பணி இப்போது நீர்வளத் துறையிடம் உள்ளது. ஆனால் அனுமதியில்லாத லாரியைப் பிடிக்க வருவாய்த் துறை, காவல் துறை, சுரங்கத் துறை மூன்றுக்கும் அதிகாரம் உண்டு. லாரியில் உரிய சீட்டு இருக்கிறதா என்று சோதிப்பது அவர்கள் வேலை, நீங்கள் வண்டியை மறிக்க வேண்டாம். வண்டி எண், நாள், நேரம், போன திசை ஆகியவற்றை மட்டும் குறித்து, திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.