புழுக்கத்தில் கலையாத ஒப்பனை: வாசகர் கேள்வி, நம் பதில்

அக்கினி நட்சத்திரம் நெருங்கிவிட்டதாலும், வைகாசி முகூர்த்தங்களுக்கு மண்டபங்கள் நிறைந்துவிட்டதாலும், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வியர்வையைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வைகாசியில் என் தங்கைக்குத் திருச்செந்தூரில் காலை முகூர்த்தம். அன்று மாலையே பாளையங்கோட்டை மண்டபத்தில் வரவேற்பு. அதிகாலை நான்கு மணிக்குப் போடும் ஒப்பனை இரவு வரை நிற்க வேண்டும். கடையில் எதைக் கேட்டாலும் ‘வாட்டர்புரூப்’ என்று சொல்லி, விலை உயர்ந்த பவுண்டேஷனையே எடுத்துக் காட்டுகிறார்கள். எதை நம்பி வாங்குவது?
(பாளையங்கோட்டை வாசகி)

உங்கள் கடிதத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு விதமான வெயில். பாளையங்கோட்டையின் வெயில் கடுமையானதுதான் என்றாலும் நண்பகலில் காற்று காய்ந்திருக்கும். சுரக்கும் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி, உப்பை மட்டும் தோலில் விட்டுச் செல்லும். ஆகவே இங்கே ஒப்பனை வழிவதைவிட வெடிப்பதே அதிகம்; மூக்கின் ஓரத்திலும், சிரிக்கும்போது மடியும் கோடுகளிலும், கோடையில் காய்ந்த குளத்து மண்ணைப்போலப் பவுடர் பிளந்து நிற்கும். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்செந்தூரிலோ வெப்பமானி நம்மூரைவிடக் குறைவாகவே காட்டலாம். ஆனால் கடற்காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாக வழியின்றி முத்து முத்தாக அங்கேயே நிற்கும். பூசிய படலத்தை அடியிலிருந்து தூக்கிவிடுவது அந்த நீர்தான். விசாகத்தை ஒட்டிய முகூர்த்தம் என்றால் கூட்டத்தின் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

‘வாட்டர்புரூப்’ என்ற சொல்லை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து தெறிக்கும் நீரை அது தாங்கும் என்பது உண்மையே. முகத்தில் சுரக்கும் எண்ணெயைத் தாங்குமா என்பதற்கு அச்சொல்லில் எந்த உறுதியும் இல்லை. ஒப்பனையைக் கரைப்பதில் தண்ணீரைவிட எண்ணெய்க்கே வலு அதிகம். நீங்கள் தேட வேண்டியது, நெடுநேரம் நிற்கும் வகையைச் சேர்ந்த, எண்ணெய் கலவாத, மேட் (பளபளப்பில்லாத) பவுண்டேஷன். இவற்றில் பலவற்றில் ஐசோடோடெகேன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்ற விரைவில் ஆவியாகும் திரவங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். பூசிய சில நிமிடங்களில் அவை பறந்துபோக, நிறத்தைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய பிசின் படலம் மட்டும் தோலில் தங்கும். அந்தப் படலம் உருவாகும் வரை பொறுக்காமல் அடுத்த அடுக்கைத் தேய்த்துவிட்டால், ஐயாயிரம் ரூபாய்க் குப்பியும் ஐந்நூறு ரூபாய்க் குப்பியும் ஒன்றுதான்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை நான் ஒரு மணப்பெண்ணின் முகத்தில் கற்றுக்கொண்டேன். திருச்செந்தூர் விடுதி அறையில், மின்விசிறி கூட மெதுவாகச் சுற்றிய ஓர் அதிகாலையில், சிலிக்கான் சார்ந்த பிரைமரின்மேல் (பவுண்டேஷனுக்கு அடியில் இடும் பூச்சு) தண்ணீர் சார்ந்த பவுண்டேஷனைக் கைநிறைய எடுத்து அவசரமாகப் பூசினேன். கண்ணாடியில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மாலை மாற்றும் நேரத்தில் நெற்றிச்சுட்டியின் கீழே ஒரு துளி வியர்வை புறப்பட்டு, புருவத்தின் ஓரமாகக் கன்னத்தில் இறங்கியது. அது போன வழியெல்லாம் பிரைமர் வெள்ளைத் துகளாகச் சுருண்டு உதிர்ந்தது. மணப்பெண்ணின் அத்தை கைக்குட்டையால் துடைக்க வர, நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். துடைத்திருந்தால் பாதி முகம் கைக்குட்டையோடு போயிருக்கும்.

எனவே பிரைமரையும் பவுண்டேஷனையும் ஒரே சார்புடையவையாக வாங்குங்கள். குப்பியில் அச்சிட்ட பொருட்பட்டியலின் தொடக்கத்திலேயே ‘கோன்’ என்றோ ‘சிலாக்சேன்’ என்றோ முடியும் பெயர்கள் வந்தால் அது பெரும்பாலும் சிலிக்கான் சார்ந்தது. பட்டியலைப் படிக்கப் பொறுமையில்லை என்றால், கடையிலேயே புறங்கையில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் குழைத்துப் பாருங்கள். பால் திரிந்ததுபோல் பிரிந்தால் அந்த இணை வேண்டாம்.

நிறத்தைத் தெரிவு செய்வது இதைவிட நுட்பமான வேலை. கடையின் விளக்கொளியில் பார்க்காமல், தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நலங்கு மஞ்சள் பூசிய பிறகு ஓரிரு நாள் தோலில் மஞ்சள் சாயல் தங்கும் என்பதால், முன்பே வாங்கிய நிறம் அன்று பொருந்தாமல் போவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆச்சிமார் மனம் நோகாமல், மஞ்சளைக் கைகால்களில் தாராளமாகவும் முகத்தில் பெயருக்கும் பூசச் சொல்லுங்கள். எண்ணெய்க் குளியலும் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்துவிடட்டும். முதல் நாள் தேய்த்த நல்லெண்ணெய் தலைமுடியின் ஓரத்தில் தங்கி, மறுநாள் புழுக்கத்தில் நெற்றிக்கு இறங்கி வரும்.

அன்று அதிகாலையில் குளித்தவுடன் ஒப்பனையைத் தொடங்க வேண்டாம். உடல் சூடு தணிந்து, கழுத்தில் வியர்ப்பது நின்ற பிறகே தொடங்க வேண்டும். அதற்காகவேனும் குளிர்சாதன அறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பவுண்டேஷனைக் கடுகளவு எடுத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். தழும்போ கருவளையமோ இருக்கும் இடத்தில் மட்டும் கன்சீலர் போதும். முகம் முழுவதும் தடிமனாகப் பூசினால்தான் நிற்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுண்ணாம்பு அப்பிய சுவர்தான் முதலில் பெயரும். திருச்செந்தூருக்கு, நெற்றி, மூக்கு, மேலுதடு, தாடை ஆகிய இடங்களில் மட்டும் பவுடரை அழுத்தி வையுங்கள். மாலை பாளையங்கோட்டைக்கு அதே அளவு பவுடர் போட்டால் நான் சொன்ன வெடிப்பு வரும். அங்கே பவுடரைப் பாதியாகக் குறையுங்கள்.

செட்டிங் ஸ்பிரே என்ற பெயரில் இரண்டு வகை விற்கின்றன. ஆல்கஹாலும் படலம் அமைக்கும் பிசினும் கலந்தது ஒன்று. அதுவே ஒப்பனையைப் பிடித்து நிறுத்தும். பன்னீரும் கிளிசரினும் கலந்தது மற்றொன்று. கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது என்பதால் கடற்கரையில் அது பிசுபிசுப்பையே தரும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி ஒப்பனையை இரவு வரை இழுக்காதீர்கள். மதியம் கழுவிவிட்டு, தங்கையை ஒரு மணி நேரமாவது தூங்க விட்டு, மாலைக்குப் புதிதாகப் போடுங்கள். முதல் ஒப்பனையின்மேலேயே இன்னொரு பூச்சு போட்டால் போதும் என்று சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். ஸ்கூட்டரில் போய்ச் சேர்வதற்குள் முகம் எண்ணெய் வடிகிறது. காம்பாக்டை நாளைக்கு நான்கைந்து முறை போடுகிறேன். மாலையில் முகம் திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரிகிறது.
(மேலப்பாளையம் வாசகி)

உங்கள் காம்பாக்டைத் திறந்து பாருங்கள். பவுடரின் நடுவில் கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டியான திட்டு ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது உங்கள் முகத்து எண்ணெய்; ஸ்பாஞ்ச் வழியாகத் திரும்பிப் போய்ப் பவுடரில் இறுகியிருக்கிறது. ஒட்டுநாடாவை அதன்மேல் ஒட்டி எடுத்தால் அந்தத் தோல் உரிந்து வரும். ஸ்பாஞ்சை வாரம் இருமுறையாவது சோப்பு நீரில் கழுவி, நன்கு காய வையுங்கள். ஈர ஸ்பாஞ்சை மூடி வைத்தால் கிருமி வளரும். பருவுக்கும் அதுவே வழி.

எண்ணெயும் வியர்வையும் இருக்கும் முகத்தில் பவுடரைப் போடும்போது அது குழைந்து நிறம் கறுக்கிறது. முதலில் மெல்லிய டிஷ்யூவையோ, வெளுத்த பழைய பருத்தித் துணியையோ முகத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். பிறகு மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் ஒருமுறை தொட்டால் போதும். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறைக்குமேல் தேவைப்படாது.

வேலைக்குப் போகும் நாட்களில் பவுண்டேஷனே வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தை ஜெல் வகைச் சன்ஸ்கிரீனில் போடுங்கள். அதன் காப்பு அளவைக் குறிக்கும் எண் எஸ்.பி.எஃப். எஸ்.பி.எஃப். 30 என்பது தோலைச் சுடும் புறஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். 50 என்பது 98 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆகவே எஸ்.பி.எஃப். எண்ணைவிடப் பூசும் அளவே முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வீட்டை விட்டுப் புறப்படக் கால் மணி நேரம் முன்பே அதைப் பூசிக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்த பின் முகத்தை ஒற்றி, அதன் பிறகு காம்பாக்டைத் தொடுங்கள். பவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த எண்ணுக்குரிய பாதுகாப்பு கிடைக்குமளவுக்கு யாரும் பவுண்டேஷனைப் பூசுவதில்லை.

தேர்த்திருவிழாக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தொகுதி எண், உற்பத்தி உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி இம்மூன்றும் அட்டையில் இல்லையென்றால் கையில் எடுக்காதீர்கள். வாரத்தில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம் கலந்திருக்கக் கூடும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் பாதரசம் சேர்த்துத் தயாரிப்பதைத் தடை செய்திருக்கின்றன.

கேள்வி: கண் மை இட்டால் மதியத்துக்குள் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கல்லூரியில் தூங்கி விழுந்தவள்போல் நிற்கிறேன்.
(அம்பாசமுத்திரம் மாணவி)

கீழிமையின் உட்புறத்தில் இடும் எந்த மையையும் கண்ணீர் கரைத்துக்கொண்டேதான் இருக்கும். கோடை முடியும் வரை மேலிமையின் ஓரத்தில் மட்டும் மேட் லைனரை இட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கீழே கிரீம் எதையும் பூசாமல், பவுடரைச் சிறிது ஒற்றி வைத்தால் இறங்குவதற்கு வழியிருக்காது. ஆச்சி விளக்கெண்ணெய்த் திரியில் கரி பிடித்துக் குழைத்த மை இறங்குவதற்கென்றே பிறந்தது. அதை இரவில் இட்டுக்கொள்ளுங்கள். கடையில் தூளாக விற்கும் சுருமாவை மட்டும் தவிருங்கள், அவற்றுள் பலவற்றில் ஈயம் இருக்கிறது.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. கோடையில் அரிப்பும் உண்டு. அதன்மேல் பெரிய பொட்டு வைத்து மறைத்து வருகிறேன்.
(வள்ளியூர் வாசகி)

மறைப்பதை இன்றே நிறுத்துங்கள். சில பொட்டுகளின் பின்புறப் பிசினில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள், தோலுக்கு நிறம் தரும் செல்களை அழிக்கக்கூடியது. வியர்வையில் ஊறிக் கிடக்கும்போது தோலோடு அதன் உறவு இன்னும் நெருங்குகிறது. தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலோ, உங்கள் ஊர்த் தோல் மருத்துவரிடமோ காட்டுங்கள். மாற்றாக எதை வைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும், ஏனெனில் சாயம் கலந்த குங்குமமும் ஒத்துக்கொள்ளாத தோல்கள் உண்டு.

கேள்வி: மறுவீட்டு விருந்தில் லிப்ஸ்டிக் நிற்பதே இல்லை. போட்டோவுக்கு முன் பாதி உதடுதான் மிஞ்சுகிறது. இன்னொன்று, என் லிப்ஸ்டிக் குச்சியின்மேல் வியர்வைபோல் துளிகள் நிற்கின்றன. கெட்டுவிட்டதா?
(திருநெல்வேலி டவுன் வாசகி)

சொதியின் தேங்காய்ப்பாலும் அல்வாவின் நெய்யும் சேர்ந்த பந்தியில் எந்த லிப்ஸ்டிக்கும் நிற்காது. காய்ந்து ஒட்டிக்கொள்ளும் திரவ மேட் வகை, காபி டம்ளருக்கு அசையாது, கொழுப்புக்குக் கரையும். உள்ளுதட்டில்தான் முதலில் போகும் என்பதால், உதட்டு நிறத்துக்கு நெருங்கிய வண்ணத்தைத் தெரிவு செய்தால் போனது தெரியாது. பந்தி முடிந்ததும் மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

குச்சியின்மேல் நிற்பவை எண்ணெய்த் துளிகள். சூட்டில் மெழுகு இளகும்போது எண்ணெய் பிரிந்து மேலே வருகிறது. டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, ஓரிரவு குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள். சிக்கெடுத்த எண்ணெய் வாடை வந்தால் மட்டும் எறிந்துவிடலாம். கைப்பையோடு அதை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகும் பழக்கம் இருந்தால், குளிர்பதனப் பெட்டியும் காப்பாற்றாது.