கல்லில் பதிந்த இலைகள்

கேள்வி: கல்லில் பதிந்த இலையை வைத்து அந்தக் காலத்து வெப்பத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: இலையின் ஓரத்தை வைத்துத்தான். வெப்பம் கூடக் கூட, பல்லில்லாத வழுவழு ஓர இலைகள் கொண்ட மரவகைகளின் பங்கும் கூடும். அந்தப் பங்கை 30.6-ஆல் பெருக்கி 1.14 கூட்டினால் ஆண்டுச் சராசரி வெப்பம் கிடைக்கும். 30 வகைகளில் 24 வழுவழு ஓரம் என்றால் 0.8; விடை சுமார் 25.6 டிகிரி செல்சியஸ். எண்ண வேண்டியது வகைகளை, இலைகளை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். 20 வகைகளுக்குக் குறைந்தால் பிழை பெருகும். ஆற்றங்கரையில் பல்லோர இலைகள் அதிகம் என்பதால், அங்கே படிந்த சேற்றுப்பாறை உண்மையைவிடக் குளிராகக் காட்டும். மழையளவைக் கணக்கிட இலைப் பரப்பு உதவும்; மழை கூடிய இடத்தில் இலையும் பெரிது. ஆனால் பெரிய இலைகள் நீரில் கிழிந்துபோவதால் மழை குறைவாகத் தெரியும்.

கேள்வி: டைனோசர்கள் பார்த்ததும் இதே அமேசான் காடுதானா?

பதில்: இல்லை. கொலம்பியாவில் 6,000-க்கும் மேற்பட்ட இலைப் படிவங்களையும் சுமார் 50,000 மகரந்தப் படிவங்களையும் ஆராய்ந்த முடிவு 2021-இல் வெளியானது. விண்கல் மோதிய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பூக்கும் தாவரங்களோடு கலந்து, வெயில் தரைவரை விழும்படி நின்றன. மோதலில் 45 சதவீத தாவர வகைகள் அழிந்தன; வகைகளின் பன்மை மீள 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. மீண்டு வந்தது பூக்கும் தாவரங்கள் அடர்ந்த இருட்டுக் காடு. சாட்சி, இலை நரம்புகள்! அடர்காட்டில் உச்சி இலைக்கு நரம்பு நெருக்கம், நிழல் இலைக்குக் குறைவு. மோதலுக்கு முந்தைய இலைகளில் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை.