ஐந்து ஸ்டாருக்கு ஐம்பது ரூபாய்

கேள்வி: மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி ஆன்லைனில் விற்கிறேன். பார்சலுக்குள் ஒரு அட்டை வைப்பேன்: '5 ஸ்டார் ரிவ்யூ போட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 50 ரூபாய் உடனே ஜிபே செய்யப்படும்.' ஆரம்பத்தில் சில ரிவ்யூக்களை மச்சினனும் அவன் நண்பர்களும் எழுதினார்கள். மூடி கசிகிறது என்று எழுதுபவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ரிவ்யூவை எடுக்கச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் துளி கலப்படம் கிடையாது. பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்யும்போது, சின்ன வியாபாரி இதைச் செய்வது தவறா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தவறுதான். எண்ணெய் சுத்தம் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். சிக்கல் அட்டையில் இருக்கிறது.

அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'ரிவ்யூ எழுதினால் 50 ரூபாய்' என்று அதில் இல்லை. '5 ஸ்டார் போட்டால்' என்று இருக்கிறது. மூன்று போட்டவருக்கு ஒன்றும் கிடையாது. ஒழுங்காகப் போட்டாரா என்று சரிபார்க்க ஸ்கிரீன்ஷாட் வேறு. அதையும் வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கிறீர்கள். விற்பனைத் தளத்தின் கண்ணில் பட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

பெரிய கம்பெனியைக் கைகாட்டுகிறீர்கள். டிவியில் ஒரு நடிகர் எண்ணெய் பாக்கெட்டைத் தூக்கிப் பிடித்தால், காசு வாங்கிக்கொண்டுதான் பிடிக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் ரிவ்யூவைப் படிப்பவருக்கு அது தெரியாது. தெரிந்தால் அந்த ஸ்டாரை அவர் சட்டையே செய்யமாட்டார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்ததும், பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் நாளே வேட்டி சட்டை எடுத்துக் கொடுப்பது மாதிரிதான் இது. பையன் தங்கமாகவே இருக்கட்டும், விஷயம் வெளியே வந்தால் அந்த வீட்டில் பெண் கொடுப்பார்களா?

அப்புறம், இதனால் அந்தப் பெரிய கம்பெனிக்கு ஒரு கீறலும் விழப்போவதில்லை. அடி வாங்குவது பக்கத்து ஊரில் உங்களைப் போலவே செக்கு வைத்துக்கொண்டு, அட்டை அடிக்காமல், வந்த ரிவ்யூவை வந்தபடி விட்டுவைத்திருப்பவர். தேடல் பட்டியலில் அவரைத்தான் கீழே தள்ளுகிறீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளின்படி, ஒரு பொருளைப் பாராட்டிப் பரிந்துரைப்பவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே மற்றவர்கள் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அக்கா புருஷன் என்பது தொடர்பு இல்லாமல் வேறென்ன? தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு; திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை போகும். ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 19000 என்ற தர விதிமுறை 2022 நவம்பரில் வந்தது. விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்று விட்டதால் அதைப் பெரிதாக யாரும் மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கா கறாராக இருக்கிறது. நல்லபடியாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பணமோ பரிசோ கொடுப்பதை அங்கே 2024 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி நேரடியாகவே தடை செய்கிறது.

மச்சினன் விஷயத்துக்கும் அங்கே ஒரு முன்கதை உண்டு. சண்டே ரைலி என்ற அழகுசாதனக் கம்பெனியில், அழகுசாதனப் பொருட்கள் விற்கும் செஃபோரா தளத்தில் வாடிக்கையாளர் மாதிரி ரிவ்யூ எழுதும்படி ஊழியர்களுக்கே மின்னஞ்சலில் உத்தரவு போனது. இணைய முகவரியை எப்படி மறைப்பது, குறை சொன்ன ரிவ்யூவை எப்படிக் கீழே தள்ளுவது என்று பாடமே நடத்தியிருக்கிறார்கள். முன்னாள் ஊழியர் ஒருவர் 2018-இல் அந்த மின்னஞ்சலை வெளியிட்டதில் குட்டு உடைந்தது. 2019-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அபராதம் இல்லை, 'இனிமேல் செய்யாதே' என்பதோடு சரி. பணம் தப்பியது, பெயர் தப்பவில்லை. உங்களிடம் பார்சல் கட்டும் பையன் சம்பளத் தகராறில் கோபித்துக்கொண்டு போனால், அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்தாலே போதும்.

எனக்கு அதைவிட வருத்தம் அந்த மூடி விஷயத்தில்தான். கசிந்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள், நல்ல காரியம். அதற்குப் பதிலாக ரிவ்யூவை எடுக்கச் சொன்னது எதற்கு? அடுத்தவர் வீட்டிலும் பெட்டி எண்ணெயில் ஊறித்தானே போய்ச் சேர்கிறது? அந்த ரிவ்யூவை அப்படியே விட்டு, 'மூடியை மாற்றிவிட்டோம், உள்ளே சீலும் வைக்கிறோம்' என்று கீழே நீங்கள் பதில் போட்டிருந்தால் நானே ஒரு லிட்டர் வாங்கியிருப்பேன். நான் எண்ணெய் வாங்கும்போது முதலில் படிப்பது ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைத்தான். 'சிக்கு வாடை அடிக்கிறது' என்றால் ஒதுக்கிவிடுவேன். 'அடியில் மண்டி நிற்கிறது' என்று யாராவது திட்டியிருந்தால், சரி, வடிகட்டித் தெளியவைத்தே கொல்லவில்லை போலிருக்கிறது என்று தைரியமாக ஆர்டர் போடுவேன். அந்த மாதிரி திட்டையும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அழித்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

ரிவ்யூ கேட்பது தவறில்லை. 'நல்லதோ கெட்டதோ, தளத்தில் எழுதுங்கள்' என்று அட்டை அடியுங்கள், பணம் வேண்டாம். உங்கள் சொந்த இணையதளத்தில் விற்றால், எத்தனை ஸ்டார் போட்டாலும் ஒரே தள்ளுபடி என்று வைத்து, அதை ரிவ்யூ பக்கத்திலேயே சொல்லிவிடலாம். அமேசானில் அதுவும் நடக்காது. ஒரு காலத்தில் அனுமதித்த அவர்களே 2016 அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்களே ஆள் தேர்ந்தெடுத்து, பொருளை இலவசமாகக் கொடுத்து ரிவ்யூ எழுதவைக்கும் வைன் என்ற சொந்தத் திட்டம் மட்டும் விதிவிலக்கு. அதில் யார் எழுதுவது என்பது விற்பவர் கையில் இல்லை. மச்சினன் கோஷ்டியின் ரிவ்யூக்களை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் அட்டைகள் பழைய பேப்பர் கடைக்கு.

கடிதத்தின் கடைசியில் உங்கள் எண்ணெயின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி, 'பதிலில் இதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும், ஆசிரியருக்கு ஐந்து லிட்டர் டின் அனுப்புகிறேன்' என்று கேட்டிருந்தீர்கள். பெயரை வெட்டிவிட்டோம். டின் வேண்டாம்.