பலூன் வைத்து உணவுக்குழாயை விரிக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பல வருடமாக நெஞ்செரிவு. ஆறு மாதமாகப் பாண், புட்டு எல்லாம் நெஞ்சில் தடக்கி நிற்கின்றன. கஞ்சியும், சொதியில் ஊறிய இடியப்பமும்தான் இறங்குகின்றன. எண்டொஸ்கொபி செய்து, குழாய் சுருங்கியிருக்கிறது, புற்றுநோய் இல்லை என்றார்கள். இனி பலூன் விட்டு விரிக்க வேண்டுமாம். உள்ளே வெடித்துவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.
- ஒரு மகன், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். இது பிறந்தநாளுக்கு ஊதும் பலூன் இல்லை. உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த நீளமான பை. அதற்குள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் அழுத்தி நிரப்புவோம். எவ்வளவு அழுத்தத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் விரியும் என்பது அதிலேயே குறித்திருக்கும்.

எங்கள் கவனமெல்லாம் குழாயின் சுவரில்தான். நல்ல உணவுக்குழாய் 20 மி.மீ. அளவுக்கு விரியும். 13 மி.மீ.க்குக் குறைந்தால் திட உணவு தடக்கத் தொடங்கும். அமிலம் பட்டுப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி வந்த தழும்புதான் அம்மாவின் குழாயை இறுக்குகிறது. பலூனை அந்த இடத்தில் வைத்து ஒரு நிமிடமளவு விரிக்கும்போது தழும்பு மெல்லக் கிழிந்து வழிவிடும். கிழிசல் ஆழமாகக் கூடாதென்பதால், இறுக்கம் தெரிந்த அளவிலிருந்து ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் கூட்டாமல் நிறுத்துவது வழக்கம். சில வாரங்களில் திரும்ப வரச் சொன்னால், முதல் தடவை பிழையாகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

தொண்டை நோவும் சிறிது இரத்தக் கசிவும் தானாக அடங்கும். பயப்பட வேண்டியது குழாயின் சுவரில் துளை விழுவதற்குத்தான். அம்மாவுடையது போன்ற எதுக்களிப்புத் தழும்பில் அது அரிது. அசிட் குடித்து வந்த சுருக்கம், கதிர்வீச்சுக்குப் பின் வந்த சுருக்கம், பெரிய பலூன் தேவைப்படும் அக்கலேசியா (உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளராத நோய்) ஆகியவற்றில் ஆபத்து கூடும்.

துளை சிலவேளை வீடு வந்த பிறகுதான் தெரியும். நெஞ்சிலோ முதுகிலோ நோவு கூடிக்கொண்டே போனால், காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், கழுத்துத் தோலை அழுத்த நொறுநொறுத்தால், ஒரு மிடறு தண்ணீரும் கொடுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தால் காப்பாற்றுவது எவ்வளவோ சுலபம். கொழும்பில் செய்வதானால் அன்றிரவே பஸ் ஏற வேண்டாம், உறவினர் வீட்டில் தங்குங்கள். ஹபரணைக் காட்டு வழியில் நோவு தொடங்கினால் என்ன செய்வீர்கள்?

அப்புறம், வார்பரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறார் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தொடர்ந்து கொடுங்கள். பாண் இறங்குகிறதே, இனி எதற்கு மாத்திரை என்று விட்டால் அதே இடம் மறுபடி இறுகும்.